பழைய வெள்ளிக்காசை விற்கப் போறீங்களா? நம்பகமான வியாபாரியை கண்டுபிடிப்பது எப்படி?

பீரோவுக்குள் பழைய துணியில் முடிந்து வைத்த வெள்ளிக்காசு பல வீடுகளில் இன்னமும் இருக்கிறது. பாட்டி கொண்டு வந்தது, தாத்தா சேர்த்து வைத்தது என்று ஐந்தோ பத்தோ தேறும். பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும், ஆஸ்பத்திரி செலவு வந்துடுச்சு என்றால் அந்த முடிச்சு வெளியே வரும். அவசரத்தில் முதலில் கண்ட கடையில், கேட்ட விலைக்கு கொடுத்துவிட்டு, பிறகு விவரம் தெரிந்து வயிறு எரிபவர்களும் உண்டு. கொஞ்சம் விவரம் தெரிந்துகொண்டு போனால் இந்த நஷ்டத்தை தவிர்க்கலாம்.

முதலில் காசை பாருங்க

எல்லா பழைய ரூபாயும் ஒரே வெள்ளி கிடையாது. விக்டோரியா ராணி, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ஒரு ரூபாய் காசின் எடை 11.66 கிராம். அதில் 100-க்கு சுமார் 91.7 பங்கு வெள்ளி. ஆறாம் ஜார்ஜ் தலை போட்டு 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயும் அதே எடைதான். ஆனால் வெள்ளி பாதிதான். 1947-ம் ஆண்டு போட்ட, பின்னால் புலி படம் உள்ள ரூபாயில் வெள்ளியே இல்லை. அது நிக்கல். காந்தத்தை காட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

கணக்கு இப்படித்தான்: விக்டோரியா காசு பத்து இருந்தால் சுமார் 107 கிராம் வெள்ளி. 1940-களின் காசு பத்து என்றால் 58 கிராம்தான். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பார்த்துவிட்டு கடைக்கு கிளம்புங்க. தேய்ந்த காசில் கொஞ்சம் குறையும்.

பழசு என்பதற்காக மட்டும் விலை ஏறாது. 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாய் அதே வருஷத்தை போட்டு பல ஆண்டுகள் அச்சடிக்கப்பட்டது. அதனால் ஏராளமாக கிடைக்கிறது. அதைவிட ரொம்ப பின்னால் வந்த 1939-ம் ஆண்டு ரூபாய்தான் அபூர்வம். அதனாலேயே அதில் போலியும் அதிகம்.

முக்கியமான விஷயம்: பளபளப்பாக இருக்கட்டும் என்று புளி, திருநீறு போட்டு தேய்க்காதீங்க. தேய்த்த காசு, மாலையில் கோர்க்க வளையம் பற்ற வைத்த காசு, ஓட்டை போட்ட காசு இவற்றுக்கு சேகரிப்பவர்கள் நல்ல விலை தர மாட்டார்கள். பெரும்பாலும் வெள்ளி விலைதான் மிஞ்சும்.

நல்ல வியாபாரியின் அடையாளம்

* உங்கள் கண் முன்னால் எடை போடுவார். வருஷத்தை பார்ப்பார். மொத்தமாக அள்ளி தராசில் கொட்டி "இவ்ளோதான் வரும்" என்று சொல்பவரிடம் காசை திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பிடுங்க.

* விலைக்கு காரணம் சொல்வார். இது வெள்ளி விலைக்கு, இது சேகரிப்பவர் விலைக்கு என்று பிரித்துக் காட்டுவார். அவருக்கும் லாபம் வேண்டும், அதில் தப்பில்லை. எவ்வளவு கழிக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்லணும்.

* "இதே காசை நான் வாங்கினால் என்ன விலை?" என்று கேளுங்க. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருந்தால் யோசிக்கணும்.

* கடை முகவரியோடு பில் தருவார். நீங்கள் காசு வாங்குபவராக இருந்தால், போலி என்று தெரிந்தால் பணம் வாபஸ் என்று பில்லிலேயே எழுதித் தருவார்.

* அவசரப்படுத்த மாட்டார். "இப்பவே கொடுத்தாதான் இந்த விலை" என்பவரிடம் கொடுக்க வேண்டாம். குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்க. வெறும் நகைக்கடை, அடகுக்கடையில் மட்டும் கேட்டால் வெள்ளி விலைதான் தெரியும்.

சின்ன சோதனையும் உண்டு. உங்களுக்கு பதில் தெரிந்த காசு ஒன்றை, உதாரணமாக அந்த 1947 புலி ரூபாயை, கூட எடுத்துப்போய் காட்டுங்க. "இது நிக்கல்" என்று உடனே சொல்கிறாரா, மழுப்புகிறாரா என்று பாருங்க. ஆள் எப்படி என்று பாதி தெரிந்துவிடும்.

உஷார்... உஷார்...

"வைஷ்ணவ தேவி படம் போட்ட காசுக்கு லட்சம் தர்றோம், டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபா நோட்டுக்கு லட்சம் தர்றோம்" என்று செல்போனில் விளம்பரம் வரும். ஆசைப்பட்டு பேசினால் முதலில் பதிவு கட்டணம், அப்புறம் வரி, அப்புறம் கமிஷன் என்று கறப்பார்கள். ரிசர்வ் வங்கி பெயரில் கடிதம்கூட காட்டுவார்கள். பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் இல்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டு மாதமே எச்சரித்துவிட்டது.

ராமர், அனுமன் படத்தோடு "கிழக்கிந்திய கம்பெனி 1818" என்று போட்ட செம்புக்காசும் அப்படித்தான். கம்பெனி அப்படி ஒரு காசு வெளியிடவே இல்லை. அரிசியை இழுக்கும் சக்தி இருக்கு, கோடிக்கு போகும் என்று சொன்னால் அது சுத்த மோசடி. பணத்தை இழந்தவர்கள் உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு போன் செய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்லுது?

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு, 1972-ம் ஆண்டு சட்டப்படி தொல்பொருள். அதை விற்பதை தொழிலாக செய்பவருக்கு உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. "வெளிநாட்டு பார்ட்டி இருக்கு" என்பவரை நம்பி மாட்டிக்கொள்ளாதீங்க.

வீடு கட்ட வானம் தோண்டும்போதோ, வயலில் உழும்போதோ புதையலாக காசு கிடைத்தால், 1878-ம் ஆண்டு சட்டப்படி கலெக்டருக்கு தகவல் கொடுக்க வேண்டும். மறைத்து விற்றால் விற்றவருக்கு ஜெயில் வரைக்கும் போகும்.

விற்கும் முன் காசின் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, எடையையும் வருஷத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: உங்கள் காசை வாங்குகிறவர் உங்களுக்குத்தான் பணம் தரணும். உங்களிடம் முன்பணம் கேட்பவர் வியாபாரியே இல்லை.