துருவுக்குக் கீழே ஒரு ஹெர்குலிஸ்

1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் அம்பத்தூர் ஆலையில் உருவான கறுப்பு ஹெர்குலிஸ் சைக்கிள்கள் பல, வீட்டுச் சந்துகளில் துருவேறிக் கிடக்கின்றன. ஸ்டீல் குழாய்களை 'லக்' என்னும் உறைகளுக்குள் செருகி, பித்தளையை உருக்கி ஒட்டிய ஃபிரேம் அது. வளைந்தால் நிமிர்த்தலாம், விரிசல் கண்டால் மறுபடி ஒட்டலாம். புதுப்பிக்க ஏற்றது என்பதற்கு இதுவே காரணம்.

முதல் வேலை கழற்றுவது. இடது பெடலின் மரை எதிர்த்திசையில் செல்லும். இது தெரியாமல் ஸ்பேனரை முறுக்கி மரையைக் கெடுப்பவர்கள் அதிகம். கிராங்கின் கோட்டர் பின்னைத் தட்டும்போது கீழே ஒரு குழாயை முட்டுக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அடி முழுவதும் உள்ளே இருக்கும் பேரிங் பால்ஸ் மீது விழும்.

அடுத்து, கோணல் பார்ப்பது. பின்சக்கர ஆக்சில் உட்காரும் பிளவு ஒன்றில் நூலைக் கட்டி, முன்புறத் தலைக்குழாயைச் சுற்றி மறுபக்கப் பிளவுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருந்தால் ஃபிரேம் நேராக இருக்கிறது. துருவின் ஆழத்தை அறிய, தண்ணீர் வந்து தேங்கும் கிராங்க் ஆக்சில் கூட்டின் அடியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். அங்கே ஓட்டை விழுந்திருந்தால் பெயிண்ட் அடிப்பதில் பொருளில்லை.

பழைய பெயிண்ட்டும் தங்கக் கோடுகளும் பெரும்பாலும் நன்றாக இருந்தால் அவற்றைச் சுரண்டாமல் விடுவதே மேல். சுரண்டியே ஆகவேண்டும் என்றால் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்ப்பது நல்லது. அந்தக்கால பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம், அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி போதும். அது இரும்பின் மேல் மெல்லிய பாஸ்பேட் படலத்தையும் விட்டுச்செல்லும். கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றுவது கெடுதல்: லக் இடுக்கில் தங்கி, மேலே பெயிண்ட் பளபளக்கும்போதே உள்ளே அரித்துக்கொண்டிருக்கும்.

கழுவிக் காய்ந்த ஸ்டீல் கடலோர ஈரக்காற்றில் வெகு சீக்கிரம் மறுபடி துருப்பிடிக்கும். ஆகவே பிரைமர் அன்றே ஏற வேண்டும். பவுடர் கோட்டிங் சுமார் 200 டிகிரி செல்சியஸில் வேகவைக்கப்படுகிறது. பித்தளை உருக 900 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும் என்பதால் ஒட்டுகளுக்கு ஆபத்தில்லை. ஆனால் பவுடர் கோட்டிங்கின் தடித்த பூச்சு லக்குகளின் கூரிய விளிம்பை மழுக்கிவிடும். பட்டி பூசும் பட்டறைகளும் விளிம்பை இப்படியே மழுக்குகின்றன. அழகே அந்த விளிம்பில்தான் இருக்கிறது. மெல்லிய எனாமலை இரண்டு மூன்று முறை ஸ்பிரே செய்வது பழைய தோற்றத்துக்குப் பொருந்தும். எந்தப் பூச்சானாலும் மரைகளை டேப் ஒட்டி மறைக்க வேண்டும்.

தங்கக் கோடும் ஸ்டிக்கரும் ஏறியபின் மேலே வார்னிஷ். கடைசியாக, குழாய்களுக்குள் கொஞ்சம் ஆளிவிதை எண்ணெயை ஊற்றி ஃபிரேமை நாலாபுறமும் திருப்பி, மிச்சத்தை வடிய விட்டால் உட்புறமும் பாதுகாக்கப்படும். எனாமல் முழுதாக இறுகச் சில வாரங்கள் ஆகும். அதற்குமுன் கேரியர் கிளாம்பை முடுக்கினால் தடம் விழும்.