பல்கலைக்கழகத்தில் வெப் புரோகிராமிங்: நம் பிள்ளைகள் என்னதான் படிக்கிறார்கள்?

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடிவுகள் வந்துவிட்டால் புக்கிட் செலம்பாவ், சுங்கை லாலாங், பீடோங் வட்டாரத்தில் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான். பிள்ளையை எதில் சேர்ப்பது? கணினித் துறை என்று பிள்ளை சொன்னால் பெற்றோர் கேட்கும் கேள்வியில் நியாயம் இருக்கிறது: "அகப்பக்கம் செய்ய யூடியூபிலேயே இலவசமாகச் சொல்லித் தருகிறார்களே, அதற்கு மூன்று வருடமும் பிடிபிடிஎன் கடனும் எதற்கு?"

ஒரு பக்கத்தை அழகாகக் காட்ட மட்டும் கற்பதென்றால் கடன் வாங்கவே வேண்டாம். அதற்குத் தேவையான எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டையும் ஆர்வமுள்ள பிள்ளை ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்குள் கற்றுவிடும். பல்கலைக்கழகப் பாடத்தில் இவற்றுக்குப் பொதுவாக முதல் சில வாரங்கள்தான். மீதி செமஸ்டர் முழுவதும் திரையில் தெரியாத பகுதிக்குப் போகிறது. பிள்ளைகள் தடுமாறுவதும் அங்கேதான், பிறகு வேலை கிடைப்பதும் அதற்காகத்தான்.

அந்தப் பகுதி என்ன என்பதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். நம் ஊர்க் கோயில் ஒன்று திருவிழாவுக்கு 200 பால்குடம் என்று வரம்பு வைத்து, பதிவை இணையத்தில் நடத்த முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக்தர் ஒருவர் கைப்பேசியில் பக்கத்தைத் திறக்கிறார். கைப்பேசி வேறெங்கோ இருக்கும் ஒரு கணினிக்கு, அதாவது சர்வருக்கு, கோரிக்கை அனுப்புகிறது. அங்கே ஓடும் புரோகிராம் தரவுத்தளத்தைப் பார்த்து விடை தயாரித்து அனுப்புகிறது. விடை போனதும் அவர் யார் என்பதையே சர்வர் மறந்துவிடும். இது கோளாறு இல்லை, வெப் பிறந்த விதமே அப்படி. டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் இதை முன்மொழிந்தபோது, ஆய்வாளர்கள் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்வதே நோக்கம். யார் கேட்டது என்று நினைவில் வைக்கத் தேவை இருக்கவில்லை. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி 'குக்கி' என்ற உத்தியைக் கொண்டுவந்த பிறகுதான் ஒருவரை அடையாளம் வைத்துக்கொள்ள முடிந்தது. அரசாங்க கிளினிக்கில் கையில் கொடுக்கும் எண் சீட்டு மாதிரி. ஒவ்வொரு முறையும் சீட்டைக் காட்டினால்தான் நம்மை யார் என்று தெரியும். அந்தச் சீட்டை இன்னொருவர் திருடினால் அவர்தான் நாம்! இதை எப்படிக் காப்பது என்பது ஒரு முழு விரிவுரை.

199 பேர் பதிந்துவிட்டார்கள், மிச்சம் ஒன்று. பீடோங்கில் ஒருவரும் சுங்கை லாலாங்கில் ஒருவரும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்துகிறார்கள். புரோகிராம் இருவருக்கும் 'ஓர் இடம் இருக்கிறது' என்று படித்து, இருவரையும் பதிந்துவிடுகிறது. இப்போது 201 பேர். கோயில் வாசலில் சண்டை. தனியாக வீட்டில் சோதித்துப் பார்க்கும் மாணவருக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர் ஒருவர்தான் பொத்தானை அழுத்துகிறார். தரவுத்தளப் பாடத்தில் வரும் 'டிரான்சாக்‌ஷன்', 'லாக்' எல்லாம் இதற்காகத்தான். வங்கி, விமான டிக்கெட், தொழிற்சாலைக் கிடங்கு எல்லாவற்றிலும் இதே பிரச்சினை, இதே தீர்வு.

அடுத்தது பெயர். நம் அடையாள அட்டையில் பெயருக்கு நடுவே ஏ/எல், ஏ/பி என்று ஒரு சாய்கோடு உண்டு. 'பெயரில் எழுத்துகள் மட்டுமே அனுமதி' என்று யாரோ எழுதிய நிபந்தனையால் எத்தனையோ பாரங்கள் நம் பெயரை ஏற்க மறுத்திருக்கின்றன. வெளிநாட்டுப் பாடநூலைப் பார்த்து அப்படியே நிபந்தனை எழுதும் நம் பிள்ளையும் தன் சொந்தப் பெயரையே நிராகரிக்கும் பக்கத்தைச் செய்துவிடும்.

அஞ்சல் குறியீட்டையும் பாருங்கள். சுங்கை பட்டாணி 08000, பீடோங் 08100. தரவுத்தளத்தில் இதை 'எண்' என்று வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யம் விழுந்து 8000, 8100 ஆகிவிடும். 2003இல் பிறந்தவரின் அடையாள அட்டை எண் 03 என்று தொடங்கும். அதற்கும் இதே கதி, 12 இலக்கம் 11 ஆகும். அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (கெடாவுக்கு 02), கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஒருவர் தட்டச்சு செய்த எண் சரியா என்று சோதிக்க இது போதுமான பயிற்சி. ஆனால் ஒரே எண் இவ்வளவு சொல்கிறது என்றால், அது வெளியே கசிந்தால் என்ன ஆகும் என்பதையும் மாணவர் யோசிக்க வேண்டும்.

பக்தர் தம் பெயரைத் தமிழில் எழுதினால்? 'தமிழ்' என்ற சொல்லில் நாம் மூன்று எழுத்து என்போம். யூனிகோட் கணக்கில் அது ஐந்து குறியீடு, யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட். தரவுத்தளத்தின் எழுத்துக் குறியாக்கத்தைத் தவறாக அமைத்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள்தான் வரும். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றியபோதும், நம் நாட்டின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கியபோதும் இந்த எழுத்துச் சிக்கலோடுதான் மல்லுக்கட்டினார்கள். நம் நாட்டுத் தமிழர் ஒருவர் இந்தத் துறையில் உலகம் அறியும் பெயராக இருக்கிறார் என்பது பல கணினி மாணவர்களுக்கே தெரிவதில்லை, அது வேறு கதை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பாதுகாப்பு. பக்தர் பெயர் எழுதும் கட்டத்தில் ஒருவர் பெயருக்குப் பதிலாகத் தரவுத்தளத்துக்கான ஒரு கட்டளையை எழுதினால்? கவனமில்லாத புரோகிராம் அதையும் நிறைவேற்றிவிடும். 200 பேரின் அட்டை எண்ணும் தொலைபேசி எண்ணும் அவர் கைக்குப் போய்விடும். 'எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன்' எனப்படும் இந்தத் தாக்குதல் பற்றி 1998 முதலே வெளிப்படையாக எழுதப்பட்டு வருகிறது. தடுக்கும் வழியும் எளிது: கட்டளையையும் பயனர் எழுதியதையும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். இன்றும் இந்த ஓட்டை வருகிறது என்றால், 'ஓடுகிறதே, போதும்' என்று விட்டுவிடுவதுதான் காரணம். நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறது. வணிக நிறுவனத்தில் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு இது வெறும் பரீட்சைக் கேள்வி இல்லை.

எந்த மொழி கற்றுத் தருகிறார்கள் என்று பெற்றோர் விசாரிப்பதைப் பார்க்கிறேன். பிஎச்பியா, ஜாவாஸ்கிரிப்டா, பைத்தானா? இதற்கு அவ்வளவு கவலை வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் 1995இல் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் முதல் வடிவம் கொடுத்த மொழி. பிஎச்பியும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது. முப்பது ஆண்டில் இவற்றைச் சுற்றி எத்தனையோ கருவிகள் வந்து போயின. மேலே சொன்ன சிக்கல்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் பதிவுப் பக்கத்துக்கான குறிநிரலை ஒரு நிமிடத்தில் எழுதித் தரும். அதில் 201ஆவது பால்குடம் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவருக்கு அது நல்ல உதவியாள். தெரியாதவருக்கு ஆபத்து.

நம் வட்டாரப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு தூரத்தில் இல்லை. 2001இல் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் செமிலிங்கில், பக்கத்திலேயே இருக்கிறது. பொறியியல், கணினித் தொழில்நுட்பப் புலம் அங்கே உண்டு. வடக்கே சிந்தோக்கில் உத்தாரா மலேசியா பல்கலைக்கழகம், தெற்கே பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு யுபியு வழியாக விண்ணப்பிக்க வேண்டும். எஸ்பிஎம்மில் கணிதத்தில் கிரெடிட் இல்லாமல் இந்தத் துறைக்குள் நுழைவது கடினம். கூடுதல் கணிதம் படித்திருந்தால் பட்டப்படிப்பில் வழி எளிதாகும்.

சேர்ந்தபின் வரும் சிரமத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. தமிழ்ப்பள்ளியில் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய் என்று படித்து வந்த பிள்ளைக்குப் பாடநூலும் பிழைச் செய்தியும் ஆங்கிலத்தில் வருகின்றன. முதல் செமஸ்டர் புரோகிராமிங் பாடத்தில் மதிப்பெண் குறைந்தால் 'எனக்கு மூளை இல்லை' என்று துறை மாறிவிடுகிறார்கள். பல நேரம் குறை புத்தியில் இல்லை, பிழைச் செய்தியைப் படிக்காமல் திரையை மூடிவிடும் பழக்கத்தில்தான். எந்தக் கோப்பு, எந்த வரி என்று அதிலேயே எழுதியிருக்கும். அதைப் பொறுமையாகப் படிக்கப் பழகினாலே பாதிச் சிக்கல் தீரும். சீனியரின் அசைன்மென்டை வாங்கி ஒப்படைத்தவர்கள் கடைசி ஆண்டுத் திட்டப்பணியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மடிக்கணினிக்கு நாலாயிரம் ஐயாயிரம் ரிங்கிட் தேவையில்லை. 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் உள்ள பழைய கணினி இந்தப் பாடத்துக்குப் போதும். எக்ஸாம்ப், விஎஸ் கோட் போன்ற மென்பொருள்கள் எல்லாமே இலவசம். மிச்சமாகும் பணத்தை வீட்டு இணையத்துக்குச் செலவிடலாம், தோட்டப்புறங்களில் அதுதான் பெரிய தலைவலி.

பல்கலைக்கழகத் திறந்த நாளுக்குப் போகும் பெற்றோர் விரிவுரையாளரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம். வெப் புரோகிராமிங் பாடத்தில் தரவுத்தளத்துக்கும் பாதுகாப்புக்கும் எத்தனை வாரம்? மாணவர் செய்யும் திட்டப்பணி உண்மையான சர்வரில் ஏறி, வெளியாள் பயன்படுத்தும் அளவுக்குப் போகிறதா, அல்லது மடிக்கணினியில் காட்டிவிட்டு முடிந்துவிடுகிறதா?