ஒரு ஸ்லாட்டை இரண்டாக உடைத்தால் யாருக்கு லாபம்?

‘எலைட் டேஞ்சரஸ்’ விளையாட்டில் ஒரு கப்பலில் மாட்யூல் எனப்படும் கருவிகளைப் பொருத்தும் 5ஆம் அளவு ஸ்லாட்டை எடுத்துவிட்டு, பதிலுக்கு 4ஆம் அளவில் இரண்டு தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு ஓட்டுகிறவருக்கு இதனால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. 5ஆம் அளவு கார்கோ ரேக் 32 டன் பிடிக்கும், 4ஆம் அளவு ரேக் 16 டன் பிடிக்கும். கூட்டினால் அதே 32. சண்டை போடுகிறவருக்கோ கொண்டாட்டம். கப்பலின் உடலை உறுதியாக்கும் ‘ஹல் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்’ மாட்யூலில் டி தரத்தை எடுத்துக்கொண்டால், 5ஆம் அளவு 390 புள்ளி கூட்டும், 4ஆம் அளவு 330. இரண்டு போட்டால் 660. எடையாவது ஏறுமா என்றால் அதுவும் இல்லை. பெரியது 16 டன், சிறியது ஒவ்வொன்றும் 8 டன்.

ஊர் சுற்றப் போகிறவர் மட்டும் முகம் சுளிப்பார். நட்சத்திரத்தின் ஓரமாகப் பறந்து எரிபொருள் அள்ளும் ஃபியூயல் ஸ்கூப்பைக் கப்பலுக்கு ஒன்றுதான் பொருத்த முடியும். அது பெரிதாக இருந்தால்தான் வேகமாக அள்ளும். ஸ்லாட் சிறுத்துப்போனால் ஒவ்வொரு நட்சத்திரத்திலும் அவர் கூடுதல் நேரம் காத்துக் கிடக்க வேண்டும்.

செய்தது ஒரே மாற்றம், விளைவு மூன்று. ஸ்லாட்டுகளைத் திருத்துவதில் உள்ள சிக்கல் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. ஒரு துப்பாக்கி அதிகமாக அடிக்கிறது என்றால் அதன் எண்ணைக் கொஞ்சம் குறைத்துவிட்டுப் போகலாம். ஸ்லாட்டில் அந்த நெகிழ்வு கிடையாது. இருக்கிறது அல்லது இல்லை, நாலு அல்லது ஐந்து. நாலரை என்று ஒன்றைக் கொடுக்க முடியாது.

விளையாடாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஃப்ரான்டியர் டெவலப்மென்ட்ஸ் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்ட விளையாட்டு இது. 1984இல் வந்த ‘எலைட்’டின் வாரிசு, இரண்டிலும் டேவிட் பிராபனின் கை உண்டு. கப்பலில் ஆயுதங்களுக்குத் தனி இடம். இன்ஜின், மின் உற்பத்தி, சென்சார் போன்ற கட்டாய உறுப்புகளுக்குத் தனி இடம். மிச்சமிருப்பவை விருப்ப ஸ்லாட்டுகள். 1 முதல் 8 வரை அளவு உண்டு. சிறிய மாட்யூலைப் பெரிய ஸ்லாட்டில் வைக்கலாம், பெரியதைச் சிறியதில் திணிக்க முடியாது. சரக்கா, ஷீல்டா, பயணிகள் கேபினா என்ற தகராறெல்லாம் இந்த விருப்ப ஸ்லாட்டுகளில்தான்.

கார்கோ ரேக்கின் கொள்ளளவு ஒவ்வொரு அளவுக்கும் இரட்டிப்பாகிறது: 2, 4, 8 என்று ஏறி 8ஆம் அளவில் 256 டன். ஹல் மாட்யூலின் கணக்கு அப்படி ஏறாது. 1ஆம் அளவே 110 புள்ளி தருகிறது, 2ஆம் அளவு 190, அதோடு 5ஆம் அளவுக்கு மேல் அந்த மாட்யூலே கிடையாது. அதனால் சண்டைக்காரருக்குத் தேவை நிறைய ஸ்லாட்டுகள். அவை சிறியவையாக இருந்தாலும் பரவாயில்லை.

இதில்தான் ஆரம்ப ஆண்டுகளில் ஒரு கோணல் விழுந்தது. அனகோண்டா போன்ற எல்லா வேலைக்குமான கப்பல்களில் ஸ்லாட்டுகள் ஏராளம். சண்டைக்கென்றே கட்டிய கப்பல்களில் குறைவு. சரக்கு ஏற்றாத கப்பலுக்கு எதற்கு அறை என்று நினைத்திருப்பார்கள். விளைவு, எல்லா வேலைக்குமான கப்பலின் அறைகளில் கவசத்தை அடுக்கியவர் போர்க்கப்பலை விடக் கெட்டியாக நின்றார்.

போர்க்கப்பலுக்குச் சாதாரண ஸ்லாட்டையே கூட்டிக் கொடுத்திருந்தால் அது சரக்கும் ஏற்றத் தொடங்கியிருக்கும். ஃப்ரான்டியர் கண்ட வழி ‘மிலிட்டரி ஸ்லாட்’. ஹல், மாட்யூல் கவசங்கள், ஷீல்டு செல் பேங்க் என்று தற்காப்புச் சாமான்கள் மட்டுமே அதில் பொருந்தும். வல்ச்சர் என்ற சிறிய போர்க்கப்பலுக்கு 5ஆம் அளவில் அப்படி ஒன்று கிடைத்தது. வல்ச்சரின் பழைய நோய் மின்சாரப் பற்றாக்குறை. இரண்டு பெரிய ஆயுதங்களை மாட்டிவிட்டால் மற்றதற்கெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். ஹல் கவசத்துக்கோ மின்சாரமே வேண்டாம். அந்தக் கப்பலுக்கு இதைவிடப் பொருத்தமான சீர் இருந்திருக்க முடியாது. அனகோண்டாவுக்கும் ஒரு மிலிட்டரி ஸ்லாட்டைக் கொடுத்தார்களே, அதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. பசித்தவனுக்குப் போட்ட பந்தியில் வயிறு நிறைந்தவனும் உட்கார்ந்துகொண்ட கதை.

இன்னொரு வழி, ஸ்லாட்டைத் தொடாமல் மாட்யூலைத் தொடுவது. எனக்குப் பிடித்தது இதுதான். முன்பெல்லாம் ஒரு நட்சத்திர மண்டலத்தில் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்கவே டிஸ்கவரி ஸ்கேனரை வாங்கி ஒரு ஸ்லாட்டில் வைக்க வேண்டும். 2018 டிசம்பர் அப்டேட்டில் அதை எல்லாக் கப்பலிலும் உள்ளுறுப்பாகவே ஆக்கிவிட்டார்கள். எல்லோரும் எப்படியும் வைத்தே ஆகவேண்டிய மாட்யூலால் வீரருக்குத் தேர்வு எதுவும் இல்லை, ஸ்லாட் மீது விழும் வரிதான். அந்த வரியை நீக்கியதில் யாருக்கும் நட்டமில்லை. 2021இல் வந்த மல்டி லிம்பெட் கன்ட்ரோலரும் இந்த ரகம்தான். குட்டி டிரோன்களை இயக்க வேலைக்கொரு கன்ட்ரோலர் வைத்திருந்தவர்களால் பலவற்றை ஒரே ஸ்லாட்டில் சேர்க்க முடிந்தது.

‘ஈவ் ஆன்லைன்’ இதே சண்டையை வேறு விதமாக நடத்துகிறது. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003இல் கொண்டுவந்த அந்த விளையாட்டில் ஸ்லாட்டுக்கு மேல், நடு, கீழ் என்று வகை உண்டு. ஷீல்டைப் பலப்படுத்தும் சாதனங்களும் எதிரியைத் தப்பவிடாமல் பிடிக்கும் சாதனங்களும் நடு ஸ்லாட்டுக்கு மோதிக்கொள்ளும். ஆர்மர் தகடும் தாக்குதலைக் கூட்டும் சாதனமும் கீழ் ஸ்லாட்டுக்கு. அங்கே ஒரே ரகக் கப்பல்களுக்குள் மேல்தட்டில் இருந்தவற்றுக்கு ஸ்லாட் அதிகம் என்பதால் கீழ்த்தட்டுக் கப்பல்களைச் சீண்ட ஆளில்லாமல் போனது. 2012இல் தொடங்கிய பெரிய திருத்தத்தில் அந்தத் தட்டு முறையை ஒழித்து, ஒவ்வொரு கப்பலுக்கும் அதன் வேலைக்கேற்ற ஸ்லாட்டுகளைப் பங்கிட்டார்கள்.

எலைட்டில் கொடுப்பது எளிது, பிடுங்குவது கடினம். ஸ்லாட்டைப் பெரிதாக்கினால் பழைய மாட்யூல் அப்படியே உள்ளே இருக்கும். சிறிதாக்கினால் வீரர் காசு போட்டு வாங்கிய மாட்யூல் பொருந்தாமல் வெளியே நிற்கும். அனகோண்டாவின் உடல் வெறும் 400 டன், அதைவிடச் சற்றே பெரிய ஃபெடரல் கார்வெட் 900 டன் என்ற பொருத்தமில்லாத கணக்கு இத்தனை ஆண்டுகளாக அப்படியே இருப்பதற்கும் இந்தத் தயக்கமே காரணம் என்பது என் ஊகம். ஆளைக் குறைக்க முடியாவிட்டால் சுற்றியிருப்பவர்களை உயர்த்த வேண்டும்.

டைப்-9 ஹெவியை அப்படித்தான் உயர்த்தினார்கள். பெயரிலேயே கனம் இருந்தும், ஒரு காலத்தில் இம்பீரியல் கட்டரை விட மிகக் குறைவாக ஏற்றிக்கொண்டிருந்த சரக்குக் கப்பல் அது. இன்று அதிலும் 8ஆம் அளவு ஸ்லாட் இரண்டு இருக்கின்றன. ஷீல்டைக்கூடக் கழற்றிவிட்டு ரேக்காகவே நிரப்பினால் 790 டன். கட்டர் 794. நாலு டன் இடைவெளியை வேண்டுமென்றே விட்டிருந்தால் அது நல்ல முடிவு என்பேன். கட்டர் சுமார் 20.9 கோடி கிரெடிட். அதை வாங்கவே பேரரசில் டியூக் பதவி வரை ஏற வேண்டும். டைப்-9 சுமார் 7.7 கோடிதான், பதவி எதுவும் கேட்காது.