தீவகத்துக் கடலும் இருவகை இயந்திரங்களும்

புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் சிறிது நேரம் நிற்பவர் இருவகை ஒலிகளைக் கேட்பர். நெடுந்தீவுக்குச் செல்லும் பயணிகள் படகின் வயிற்றிலிருந்து எழும் கனத்த, நிதானமான ஒலி ஒன்று. மீனவரின் கண்ணாடி இழைப் படகின் பின்புறத்தே தொங்கும் சிறு இயந்திரத்தின் கூரிய இரைச்சல் மற்றொன்று. முன்னது உள்ளிணைப்பு இயந்திரம். பின்னது வெளியிணைப்பு இயந்திரம். இவற்றுள் எது சிறந்தது என்னும் வழக்குத் துறைமுகங்களிலே ஓய்வதில்லை. தீர்ப்பு வழங்கவேண்டியது இயந்திரத்தின் குதிரைவலுவன்று. கடலின் ஆழமும் காற்றின் பருவமுமேயாம்.

பாயை நம்பி வாழ்ந்த இக்கரைகளுக்கு இயந்திரம் பரவலாக வந்தது 1950களின் பிற்பகுதியிலும் அதன் பின்னருமே. அரசாங்கம் அக்காலத்தில் அறிமுகஞ் செய்த மூன்றரைத் தொன் படகுகள் டீசல் உள்ளிணைப்பு இயந்திரம் பூண்டவை. இயந்திரம் படகின் அடிச்சட்டத்திலே பிணைக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து ஒரு தண்டு அடிப்பலகையைத் துளைத்துச் சென்று நீரிலுள்ள விசிறியைச் சுழற்றும். திருப்புவதற்குச் சுக்கான் தனியே உண்டு. பாரம் தாழ்வாக அமைவதால் படகு அலையில் எளிதிற் புரளாது. டீசல் தீப்பொறியால் அன்றி, அமுக்கத்தால் வெப்பமேறிய காற்றிலே தானாகப் பற்றுவதாதலின், தீப்பொறிச் செருகியை உப்பு நீர் கெடுக்கும் என்ற அச்சமும் இல்லை. குறை யாதெனில், விசிறியைத் தூக்கவியலாது. தீவகத்துக் கரையோரமோ ஆழங்குறைந்தது. கல்லும் பாரும் நிறைந்தது. இத்தகைய படகை ஆழமான துறையிலேதான் கட்டவேண்டும்.

இக்குறையை நீக்கியதே வெளியிணைப்பு இயந்திரத்தின் பெருமை. நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பார் 1909ஆம் ஆண்டு விற்பனைக்கு விட்ட இயந்திரம் ஒன்றரைக் குதிரைவலுவே உடையது. நிறை ஏறத்தாழ 28 கிலோகிராம். இயந்திரம், விசிறி, திருப்பும் பிடி யாவும் ஒரே உறுப்பாயின. ஆழங் குறைந்தால் அதனைச் சாய்த்து நீருக்கு மேலே உயர்த்தலாம். பழுதுற்றாற் கழற்றித் தோளிற் சுமந்தும் செல்லலாம். 1962இல் மெர்க்குரி நிறுவனம் 100 குதிரைவலு இயந்திரத்தை வெளியிட்டது. அந்நிறுவனமே 2021இல் 600 குதிரைவலுவுள்ள ஒன்றைக் கொணர்ந்தது. அதிலே மேற்பகுதி அசையாது நிற்க, விசிறி பூண்ட கீழ்ப்பகுதி மாத்திரமே திரும்பும். அத்துணைப் பெரியதைத் தோளிற் சுமப்பார் எவருமிலர் என்பது வேறு கதை.

தீவக மீனவருக்கு அவ்வளவு வலு வேண்டியதில்லை. காரைநகரிற் சீநோர் நிறுவனம் கண்ணாடி இழைப் படகுகளைக் கட்டத் தொடங்கியபின், இலேசான படகும் சிறு இயந்திரமும் இணைபிரியாதன ஆயின. போர்க்காலத்தில் வலுமிக்க இயந்திரங்களுக்குத் தடையும் இருந்தது. பெற்றோலில் இயக்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது இங்குள்ள பழக்கம். மண்ணெண்ணெய் மலிவாக இருந்தவரை அது சிக்கனமாகவே இருந்தது. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, பல வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. பழைய இருவீச்சு இயந்திரம் எரிபொருளில் ஒரு பகுதியை எரிக்காமலே புகையோடு வெளியேற்றும் என்பதை அன்றுதான் பலர் கணக்கிட்டுப் பார்த்தனர்.

நெடுந்தீவின் நிலை வேறு. குறிகட்டுவானிலிருந்து அங்கு செல்லப் பயணிகள் படகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். நள்ளிரவிலே பிரசவ வேதனையுற்ற பெண்ணொருத்தியை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பவேண்டின், விரைவுப் படகே வேண்டுமென எவரும் கூறுவர். கடல் அமைதியாயின் அது சரியே. சோளகக் காற்று வீசுங்காலத்திலோ இலேசான படகு அலைக்கு அலை துள்ளும். விசிறி நீரைவிட்டு வெளிப்பட்டு வெறுமனே சுழலும். மிஞ்சிய நிமிடங்களுக்கு நோயாளியின் உடலே விலை கொடுக்கும். பாரமுள்ள படகு தாமதித்தாலும் அலையை அறுத்துச் செல்லும். 1985 மே 15ஆம் நாள் முப்பதுக்கு மேற்பட்ட பயணிகள் கொல்லப்பட்ட துயரத்தோடு பெயர் பிணைந்துவிட்ட ‘குமுதினி’யைத் தீவு மக்கள் திரும்பத் திரும்பப் பழுதுபார்த்து ஓட்டியதும், 2017இல் ‘நெடுந்தாரகை’யை ஆவலோடு வரவேற்றதும் இதனாலேயே.

சிறுபடகினர் தம் பெட்டியில் மேலதிகமாக ஒரு தீப்பொறிச் செருகியும், இழுத்து இயக்கும் கயிறு ஒன்றும் வைத்திருப்பர். படகின் ஓரத்தில் நீண்ட கோலொன்றும் கிடக்கும். இயந்திரம் நின்றுபோனால் ஆழங் குறைந்த இக்கடலில் அதனை ஊன்றியே கரை சேர்வர்.