முப்பதில் முடியும் ஆட்டம், ஐம்பத்தெட்டில் வரும் ஓய்வூதியம்

நலிந்த நிலையில் உள்ள முன்னாள் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியம் தருகிறது. அதைப் பெற 58 வயது நிறைந்திருக்க வேண்டும். தேசிய அல்லது சர்வதேசப் போட்டியில் முதல் மூன்று இடங்களில் ஒன்றைப் பிடித்திருக்க வேண்டும். வருமான வரம்பும் உண்டு. மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம் 1994-இல் வந்தது. அதற்கு 30 வயது ஆகி, ஆட்டத்தை விட்டிருந்தால் போதும். ஆனால் ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் போன்றவற்றில் பதக்கம் வாங்கியிருக்க வேண்டும்.

திண்டிவனம் வட்டாரத்தில் கபடி ஆடும் இளைஞர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு வாசல்களுக்கும் வெளியே நிற்கிறார்கள். அவர்களுடைய பெற்றோருக்கும் போட்டி நடத்தும் ஊர்க்காரர்களுக்கும் இந்தக் கணக்கு தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல்வராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிறந்த ஊரையும், அதைச் சுற்றியுள்ள கிளியனூர், மயிலம், மரக்காணம் பகுதிகளையும் அறிந்தவர்களுக்கு ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்ற பேனரை விளக்க வேண்டியதில்லை. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் நடக்கும் அந்தப் போட்டிகளில் முதல் பரிசு, சுழற்கோப்பை, சிறந்த ஆட்டக்காரருக்குத் தனிப் பரிசு என்று எல்லாம் நோட்டீஸில் இருக்கும். ஆடுகிறவருக்குக் கால் போனால் யார் பார்ப்பார்கள் என்பது மட்டும் அதில் இருக்காது.

கபடியில் அதிகம் அடிபடுவது முழங்கால். பாடி வருகிறவரைத் தொடையோடு மடக்கும்போது, ஊன்றிய கால் ஒரு பக்கமும் உடம்பு மறுபக்கமும் திரும்புகிறது. முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்து நிறுத்தும் தசைநார் அப்போது அறுகிறது. ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். வீக்கம் வடிந்ததும் வலி குறையும், நடக்கவும் முடியும். அதை நம்பிப் பலர் புத்தூர் கட்டு போட்டுக்கொண்டு அடுத்த மாதமே களத்தில் இறங்குகிறார்கள். முழுவதுமாக அறுந்த இந்த நார் கட்டுப் போட்டால் ஒட்டாது. அது எக்ஸ்ரேயில் தெரியவும் தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். பிடிப்பில்லாத முழங்காலோடு தொடர்ந்து ஆடும்போது உள்ளே மெத்தை போலிருக்கும் குருத்தெலும்பும் கிழிகிறது.

அடுத்த கட்டம் மெதுவாக வருகிறது. இந்தத் தசைநாரோ குருத்தெலும்போ கிழிந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளுக்குள் மூட்டுத் தேய்மானம் வந்துவிடுவதாக மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. 20 வயதில் அடிபட்டவருக்கு 35-இல், 40-இல் கிழவரின் முழங்கால். மல்லாட்டை பிடுங்கக் குந்தி உட்கார முடியாது, மூட்டை தூக்கிப் படி ஏற முடியாது, நாற்றங்காலில் கால் நிற்காது. அவர் 58 வயதை எட்ட இன்னும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உள்ளன. அதற்குள் பிள்ளைகளின் படிப்பும் கல்யாணமும் முடிந்துவிடும், கடனும் ஏறிவிடும்.

இந்த 58 எங்கிருந்து வந்தது? தமிழக அரசு ஊழியர்கள் முன்பு ஓய்வு பெற்ற வயது அது. அவர்களுக்கே அது 2020-இல் 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் மாறிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு வைத்த அளவுகோலைக் கபடிக்காரனின் உடம்புக்கு வைப்பது தவறு. முப்பது, முப்பத்திரண்டு வயதில் அவனை எந்த அணியும் கூப்பிடுவதில்லை.

முழங்கால் போனால் எல்லாம் போயிற்று என்று சொல்லவில்லை. 2022-இல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. புரோ கபடியில் அதுவரை யாருக்கும் அவ்வளவு தொகை கிடைத்ததில்லை. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய், அந்தப் பருவம் முழுக்க அவர் ஆடவில்லை. ஆனால் 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குக் கேப்டனாக நின்று தங்கம் வென்றார். உரிய நேரத்தில் சிகிச்சையும் ஓய்வும் கிடைத்தால் திரும்பி வரலாம். அதே காயம் பட்ட ஊர் ஆட்டக்காரர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் கைகொடுக்கலாம். அறுவை சிகிச்சைக்கு வழி பிறந்துவிடும். அதற்குப் பிறகு ஆறு முதல் ஒன்பது மாதம் பிசியோதெரபி செய்ய வேண்டும், கூலிக்குப் போக முடியாது. அந்த மாதங்களுக்கான சோற்றுக்கு எந்த அட்டையும் இல்லை. அதனால்தான் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள், கால் மறுபடியும் கெடுகிறது.

உயிரே போனதும் உண்டு. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே மானடிக்குப்பத்தில் நடந்த போட்டியில் 22 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே களத்தில் சரிந்து இறந்தார். அந்தக் காட்சியைத் தமிழ்நாடே கைபேசியில் பார்த்தது.

பதக்கம் வாங்கியவர்களின் நிலை பரவாயில்லை என்று நினைப்பவர்கள் புதுக்கோட்டை சாந்தியை நினைத்துப் பார்க்க வேண்டும். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். செங்கல் சூளையில் வேலை பார்த்தார். பின்னர் தமிழக அரசு அவருக்குப் பயிற்சியாளர் பணி கொடுத்தது. ஓடிய கால்களும் அதற்காகக் கொடுத்த ஆண்டுகளும் மாறவில்லை, பட்டியலில் இருந்த ஒரு வரி மட்டும் அழிந்தது. பதக்கத்தை மட்டும் பார்க்கும் ஓய்வூதியம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இத்தனை நாளும் நம் கபடிக்காரர்களுக்கு உண்மையான ஓய்வூதியமாக இருந்தது விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைதான். 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் இருந்த மணத்தி கணேசனுக்கு மின்வாரியம் அப்படி அமைந்தது. ரயில்வே, வங்கி, காவல்துறை என்று போனவர்களும் உண்டு. அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு இப்போது 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, நல்லதுதான். ஆனால் 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எந்தத் திட்டம் வந்தாலும் அது வேலை கிடைத்தவருக்குத்தான். ஒருவருக்கு வேலை கிடைக்கும் இடத்தில் கிடைக்காமல் போகிறவர்கள் எத்தனை பேர் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கிரிக்கெட்டைப் பாருங்கள். நாட்டுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாமல் மாநில அணிக்கு முதல்தர ஆட்டங்கள் ஆடியவருக்கும் வாரியம் ஓய்வூதியம் தருகிறது. எத்தனை ஆட்டம் ஆடினார் என்பதுதான் அங்கே கணக்கு. 15,000 ரூபாயாக இருந்தது 2022 ஜூன் முதல் 30,000 ஆனது. ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம் வென்றவருக்கு மத்திய அரசு 2018-இல் நிர்ணயித்தது மாதம் 14,000. கிரிக்கெட்டில் பணம் இருக்கிறது என்பது உண்மை. 2014 முதல் புரோ கபடியிலும் பணம் இருக்கிறது. ஏலத்தில் கோடிகள் புழங்கும் ஆட்டம், தன் வீரர்கள் எந்த ஊர்க் களத்திலிருந்து வருகிறார்களோ அந்தக் களங்களுக்கு ஒரு மருத்துவ நிதி வைக்க முடியாதா? அமெரிக்காவில் தலையில் அடிபட்ட 4,500-க்கும் மேற்பட்ட முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் ஒன்றாகச் சேர்ந்து வழக்குப் போட்டபோது, 2013-இல் அங்குள்ள லீக் 76.5 கோடி டாலர் தர இறங்கி வந்தது. தனித்தனியாக மனுக் கொடுத்திருந்தால் அது நடந்திருக்காது.

ஆடுகிறவர்கள் இன்றே செய்ய வேண்டியவை சில உண்டு. மாவட்ட, மாநில, தேசியப் போட்டிச் சான்றிதழ்கள் அத்தனையையும் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் ஆணையத்தில் விண்ணப்பிக்கும்போது அந்தத் தாள்தான் பேசும். காயம் பட்ட அன்றே அரசு மருத்துவமனையில் சீட்டுப் போட்டுப் பதிவு செய்யுங்கள். வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் பிரதமர் விபத்துக் காப்பீடு கிடைக்கும், இறப்புக்கு 2 லட்சம். பன்னிரண்டு பேர் கொண்ட அணிக்கு ஆகும் செலவு 240 ரூபாய். ஆனால் ஜவ்வு கிழிந்தால் அதில் பணம் வராது. இது தெரியாமல் நம்பியிருக்க வேண்டாம்.

அரசு செய்ய வேண்டியது, விளையாட்டில் பட்ட காயத்தால் உழைக்க முடியாமல் போனவருக்கு 58 என்ற வயதைத் தளர்த்துவது. மாநிலப் போட்டி ஆடியவரையும் திட்டத்துக்குள் கொண்டுவருவது. காயக் காப்பீடு இல்லாத மின்னொளிப் போட்டிக்கு அனுமதி மறுப்பது. ஓமந்தூரிலும் பக்கத்து ஊர்களிலும் இருக்கும் பழைய ஆட்டக்காரர்களே, அடுத்த மே 1 கிராமசபைக் கூட்டத்துக்கு ஒன்றாகப் போங்கள். இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.