சிலிண்டர் மட்டும் போதாது

யாழ். குடாநாட்டிலும் மன்னாரிலும் சங்கும் கடலட்டையும் எடுக்கும் தமிழ், முஸ்லிம் சுழியோடிகள் பலர் இன்று முதுகில் காற்றுச் சிலிண்டருடன் கடலில் இறங்குகின்றனர். மூச்சடக்கிக் குளித்த காலத்தில் இல்லாத ஆபத்து ஒன்று இதிலுண்டு. ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அவ்வழுத்தத்தில் நெடுநேரம் சுவாசிக்கும் காற்றின் நைதரசன் இரத்தத்தில் கரைகிறது. விரைந்து மேலெழுந்தால், சோடாப் போத்தலைத் திறந்தாற்போல் அது குமிழியாகும். கைகால் முடங்கும், உயிரும் போகலாம்.

நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாமல் எழுந்து, 5 மீற்றரில் 3 நிமிடமேனும் தரிப்பதே பாதுகாப்பு. ஆழத்தையும் நேரத்தையும் கணித்து எச்சரிக்கும் மணிக்கட்டுக் கருவிகள் இப்போது உள்ளன. கடற்றொழிலாளர் சங்கங்கள் அவற்றுக்கும் பயிற்சிக்கும் கடனுதவி வழங்க முன்வர வேண்டும். இன்று தவறிய தொழிலை நாளை ஈடுசெய்யலாம்; முடங்கிய உழைப்பாளியின் குடும்பத்துக்கு ஈடு எது என்று கேட்கிறோம்.