அறுவை சிகிச்சையின்போது உடல் குளிர்வது ஏன்?

ஆபரேஷன் தியேட்டரின் ஏ.சி.தான் நோயாளியின் உடலைக் குளிர வைக்கிறது என்று நினைக்கிறோம். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் முதல் காரணம் மயக்க மருந்து.

உடலின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ். கை கால்களில் அதைவிடக் குறைவு. அங்குள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்வெப்பம் வெளியேறாமல் காக்கின்றன. மயக்க மருந்து அவற்றைத் தளர்த்திவிடுவதால், நெஞ்சிலும் வயிற்றிலும் இருக்கும் வெப்பம் ரத்தத்தோடு கை கால்களுக்குப் பரவுகிறது. முதல் ஒரு மணி நேரத்திலேயே உள்வெப்பம் 1 முதல் 1.5 டிகிரி வரை இறங்கலாம்.

36 டிகிரிக்குக் கீழே போனால் ரத்தம் உறைவது தாமதமாகும். காயத்தில் கிருமித்தொற்றும் கூடும். பெருங்குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 200 பேரிடம் நடத்தி, 1996-ல் வெளியான ஆய்வில், உடல் குளிர்ந்தவர்களில் 19 சதவீதம் பேருக்குத் தொற்று. கதகதப்பாக வைக்கப்பட்டவர்களில் 6 சதவீதம்தான்.

எப்படித் தடுப்பது? மயக்கம் கொடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே, வெதுவெதுப்பான காற்று ஊதும் போர்வையைப் போர்த்துகிறார்கள். கை கால்கள் முன்பே சூடேறிவிட்டால், உள்வெப்பம் அங்கே பாய்வது குறையும். அதிக அளவில் ஏற்றும் சலைனையும் ரத்தத்தையும் சூடாக்கியே ஏற்றுகிறார்கள்.

அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும்போது குளிரெடுத்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். நர்ஸிடம் உடனே சொல்லுங்கள்.